டிமென்ஷியா பற்றி இணையத்தில் படிக்க: எந்த வகுப்பு, யாருக்கு, எப்போது

அப்பாவுக்கோ அம்மாவுக்கோ டிமென்ஷியா என்று டாக்டர் சொன்ன வாரத்தில் பிள்ளைகள் முதலில் கையில் எடுப்பது கைபேசியை. தேடினால் கொட்டுகிறது. ஆஸ்திரேலியப் பல்கலைக்கழக வகுப்பு, உலக சுகாதார நிறுவனத்தின் பயிற்சி, அமெரிக்க மருத்துவமனை வீடியோக்கள், மூளையைக் கூர்மையாக்குவதாகச் சொல்லும் செயலிகள் என்று எல்லாம் வரும். பதற்றத்தில் மூன்று நான்கில் பெயரைப் பதிந்துவிட்டு, இரண்டாம் வாரத்தில் எதையுமே திறக்காமல் விட்டுவிடுவது பல வீடுகளில் நடப்பதுதான். ஒன்றை எடுத்து அதை முடித்தால் போதும். அந்த ஒன்று எது என்பது, வீட்டில் நோயாளியோடு யார் இருக்கிறார், இப்போது எது பெரிய தொல்லை, படிப்பவர் கையில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்ற மூன்றையும் பொறுத்தது.

ஒன்றை முதலிலேயே பிரித்துக்கொள்ள வேண்டும். நோயைப் புரியவைக்கும் வகுப்பு வேறு, நோயாளியைக் கவனிக்கக் கையைப் பழக்கும் பயிற்சி வேறு. மூளையில் எந்தப் பகுதி சுருங்குகிறது என்று துல்லியமாகச் சொல்லத் தெரிந்தவருக்கும், குளிக்க மறுக்கும் மாமனாரைக் குளியலறை வரை அழைத்துப் போகத் தெரியாமல் இருக்கலாம். முதல் வகையில் சேர்ந்துவிட்டு இரண்டாவதை எதிர்பார்ப்பவர்கள்தான் 'இதெல்லாம் நமக்கு உதவாது' என்று கைவிடுகிறார்கள்.

இன்னொன்று, வகுப்புக்கு முன் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். பி12 குறைவு, தைராய்டு குறைவு, மனச்சோர்வு, தலையில் அடிபட்டு மெல்லக் கசியும் ரத்தம் ஆகியவையும் மறதியாகத்தான் தெரியும். இவற்றுக்கு வைத்தியம் உண்டு. ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் பார்க்காமல் யாரோ சொன்ன பெயரை நம்பி வகுப்பில் உட்காருவது, குணமாகக்கூடிய ஒன்றைக் கைநழுவ விடுவதில் போய் முடியலாம்.

டாஸ்மேனியா வகுப்பு: தூரத்தில் இருப்பவருக்கு

டாஸ்மேனியா பல்கலைக்கழகம் ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட்டில் இருக்கிறது. அங்குள்ள விக்கிங் டிமென்ஷியா மையம் 2013இல் தொடங்கிய 'அண்டர்ஸ்டாண்டிங் டிமென்ஷியா' என்ற இலவச வகுப்பு, இந்தத் துறையில் பெயர் பெற்றது. ஏழு வாரம், வாரத்துக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம். மூளை, நோய்கள், மனிதர் என்று மூன்று பகுதிகள். முன்னனுபவம் எதுவும் தேவையில்லை. முடித்தவருக்குச் சான்றிதழும் கட்டணமில்லாமல் கிடைக்கிறது.

இதன் பலம், டிமென்ஷியாவை வயசானவர்களின் மறதியாகப் பார்க்கும் பழக்கத்தை அடியோடு மாற்றுவது. மூளைச் செல்கள் அழியும் நோய் இது, மறதி அதில் ஒரு பங்குதான், நாளடைவில் விழுங்குவதும் நடப்பதும் கூடப் போய்விடும், உயிரைப் பறிக்கும் நோய் என்பதால் கடைசிக் காலப் பராமரிப்பையும் யோசித்தாக வேண்டும். இத்தனையையும் பயமுறுத்தாமல், வரிசையாகச் சொல்கிறார்கள்.

இதைத் தூரத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு முதலில் பரிந்துரைக்கக் காரணம் இருக்கிறது. டிமென்ஷியாவின் ஆரம்பக் கட்டத்தில் இருப்பவர் தொலைபேசியில் பத்து நிமிடம் அருமையாகப் பேசுவார். 'சாப்டியா, பேரன் எப்படி இருக்கான்' என்பது எழுபது வருடப் பழக்கத்தில் ஊறிய பேச்சு, அது சீக்கிரம் அழியாது. டொரன்டோவிலிருந்து பேசும் மகன் அதைக் கேட்டுவிட்டு, கூடவே இருக்கும் அண்ணியிடம் 'என்கிட்ட நல்லாத்தானே பேசறாங்க, நீங்கதான் பெரிசு பண்றீங்க' என்கிறார். பராமரிப்பவர் மனம் உடைவது இந்த இடத்தில்தான். இரவு மூன்று மணிக்கு எழுந்திருப்பது உடம்பை அலுக்க வைக்கிறது. நம்பப்படாமல் போவது அதைவிட ஆழமாகக் குத்துகிறது. அந்த மகன் ஏழு வாரம் இந்த வகுப்பில் உட்கார்ந்தால், அடுத்த முறை பேசும்போது கேள்வி மாறியிருக்கும்.

குறைகளும் உண்டு. நினைத்த நாளில் தொடங்க முடியாது. குறிப்பிட்ட தேதிகளில் திறந்து சில வாரங்களில் மூடிவிடுவார்கள், அடுத்த திறப்புக்குக் காத்திருக்க வேண்டும். முதல் பகுதி நரம்பணு, நரம்புச் சந்திப்பு என்று உயிரியல் பாடம் போல நகரும். பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். குடும்பத்துக்குப் பயன்படும் சங்கதிகள் மூன்றாம் பகுதியில் இருப்பதால், முதல் பகுதியில் எல்லாம் புரியவில்லை என்றாலும் நகர்ந்துவிடுவது நல்லது. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, கழிவறைக்கு அழைத்துப் போவது ஆகியவற்றைப் படிப்படியாக இங்கே எதிர்பார்க்கக் கூடாது.

ஐசப்போர்ட்: கூடவே இருப்பவருக்கு

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட ஐசப்போர்ட், நோயாளியோடு ஒரே கூரையின் கீழ் இருப்பவருக்காகவே எழுதப்பட்டது. ஐந்து பிரிவுகள், 23 பாடங்கள். டிமென்ஷியா அறிமுகத்துக்கு ஒரே ஒரு பாடம். பராமரிப்பாளராக இருப்பது பற்றி நான்கு, தன்னைக் கவனித்துக்கொள்வது பற்றி மூன்று, அன்றாடப் பராமரிப்பு பற்றி ஐந்து. மீதிப் பத்துப் பாடங்களும் நடத்தை மாற்றங்கள் பற்றியவை. பாடங்கள் எப்படிப் பங்கிடப்பட்டிருக்கின்றன என்பதே இதை எழுதியவர்களுக்கு வீட்டு நிலவரம் தெரியும் என்று காட்டுகிறது.

இணைய வடிவம் தவிர, முழுப் பாடங்களும் அடங்கிய கையேட்டை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். நம் வாசகர்களுக்குக் கையேட்டையே சிபாரிசு செய்வோம். இணைப்பு போனாலும் அது கையில் இருக்கும், வேண்டிய பக்கத்தை மட்டும் அச்சடிக்கலாம், இன்னொருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். ஒவ்வொரு பாடத்திலும் ஒரு வீட்டுச் சூழலைச் சொல்லி, 'இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்' என்று சில விடைகள் தந்து, ஒவ்வொன்றும் ஏன் சரி, ஏன் சரியில்லை என்று விளக்குகிறார்கள். உட்கார்ந்த இடத்தில் ஒரு பாடம் முடிந்துவிடும்.

முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. வீட்டில் ஏற்கனவே தொல்லை முற்றியிருந்தால் அப்படிப் படிக்காமல் இருப்பதே நல்லது. ஐந்தாம் பிரிவின் அறிமுகப் பாடத்தைப் படித்துவிட்டு, நேராக உங்கள் வீட்டுத் தொல்லைக்குப் போங்கள். தூக்கமின்மை, ஆத்திரம், இல்லாததைப் பார்ப்பது, பணத்தைத் திருடிவிட்டதாகப் பழி சொல்வது, கேட்டதையே கேட்பது, வெளியே போய் வழி தவறுவது எல்லாவற்றுக்கும் பாடம் இருக்கிறது. அதற்கடுத்து இரண்டாம் பிரிவில் பேசும் முறை பற்றிய பாடம். பின்னர் மூன்றாம் பிரிவு. தன் மன அழுத்தத்தைக் குறைப்பது பற்றிய அந்தப் பிரிவைத்தான் எல்லோரும் 'அப்புறம் பார்க்கலாம்' என்று தள்ளுகிறார்கள். தூக்கம் கெட்டவர் கையில் மற்ற இருபது பாடங்களும் நிற்காது என்பதால் அதைத் தள்ளக் கூடாது.

இதற்கும் எல்லை உண்டு. இந்தியப் பராமரிப்பாளர்களிடம் பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இதன் இணைய வடிவத்தைச் சோதித்தபோது, சேர்ந்தவர்களில் பெரும்பகுதியினர் இடையில் நின்றுவிட்டார்கள். முடித்தவர்களிடம் நோயாளியை மனிதராகப் பார்க்கும் மனப்பான்மை கூடியிருந்தது. ஆனால் மனச்சோர்வோ சுமையோ குறைந்ததாகத் தெளிவாகத் தெரியவில்லை. கையேடு இரவுக் காவலுக்கு இன்னோர் ஆளைத் தராது. அது குடும்பத்தார் பேசி முடிக்க வேண்டிய காரியம். இரண்டாம் பிரிவில் மற்றவர்களைப் பொறுப்பில் சேர்ப்பது பற்றி ஒரு பாடம் இருக்கிறது. அதை அண்ணன் தம்பி எல்லோரும் ஒரே நாளில் படித்துவிட்டுப் பேச உட்கார்ந்தால் பலன் கிடைக்கும்.

ஒரே தொல்லை, மூன்று பாடங்கள்

வகுப்புகளை எடைபோட ஒரு வழி, ஒரே பிரச்சினையை ஒவ்வொன்றிடமும் கேட்டுப் பார்ப்பது. மாலை ஆறு மணி. அம்மா ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கிறார். 'நேரமாச்சு, வீட்டுக்குப் போகணும், புள்ளைங்க காத்துக்கிட்டிருக்கும்' என்கிறார். நாற்பது வருடமாக அவர் இருக்கும் வீடு அதுதான்.

டாஸ்மேனியா வகுப்பு படித்தவருக்கு ஏன் என்பது தெரியும். டிமென்ஷியாவில் மிக அதிகமாக வரும் வகையான அல்சைமர் நோயில் மூளையின் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி சீக்கிரமே சேதமாகிறது, புதிய நினைவு பதிவது அங்கேதான். பழைய நினைவுகள் அதிக நாள் தங்கும். அம்மா தேடும் வீடு அவர் இருபது வயதில் இருந்த வீடாக இருக்கலாம். பொழுதைக் கணக்கிடும் உடற்கடிகாரமும் பழுதாகியிருப்பதால் மாலையில் பரபரப்பு கூடுகிறது. இது தெரிந்தவர் 'இதாம்மா உன் வீடு' என்று வாதாட மாட்டார். பாதிச் சண்டை இதிலேயே நின்றுவிடும்.

ஐசப்போர்ட் படித்தவருக்கு என்ன செய்வது என்று தெரியும். வாதம் வேண்டாம், பொய்யென்று நிரூபிக்க வேண்டாம், அந்தப் பேச்சுக்குப் பின்னால் உள்ள உணர்ச்சிக்குப் பதில் சொல்ல வேண்டும், உடம்புக்கு ஏதாவது தேவையா என்று பார்க்க வேண்டும், கவனத்தை வேறு பக்கம் திருப்ப வேண்டும், இதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்று குறித்துக்கொள்ள வேண்டும்.

எழுத்தால் கற்பிக்க முடியாததும் இதில் இருக்கிறது: முகம், குரல், நிற்கும் இடம். அதற்கு வீடியோதான் வழி. லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின், அதாவது யு.சி.எல்.ஏ.வின், டிமென்ஷியா பராமரிப்புப் பிரிவு யூடியூபில் போட்டிருக்கும் குறும்படங்கள் இதற்கு நன்றாக உதவும். குளிக்க மறுப்பது, மாத்திரை சாப்பிட மறுப்பது, மாலைப் பரபரப்பு, திரும்பத் திரும்பக் கேட்பது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக நடித்துக் காட்டி விளக்குகிறார்கள். டீப்பா ஸ்நோ என்ற அமெரிக்கப் பயிற்சியாளரின் வீடியோக்களில் கையைப் பிடிக்கும் முறை ஒன்று வரும். நோயாளியின் கையை மேலிருந்து பற்றி இழுக்காமல், நம் உள்ளங்கையை அவர் உள்ளங்கைக்கு அடியில் கொடுத்து, கைகுலுக்குவது போலத் தொடங்கி மெல்ல உடன் நடப்பது. மணிக்கட்டைப் பிடித்தால் உதறுபவர் இந்தப் பிடிக்கு வருவார். இதைப் பத்து வரியில் எழுதினாலும் கை பழகாது. ஒரு முறை பார்த்தால் பிடிபடும்.

மூன்றையும் சேர்த்தால் அந்த ஆறு மணி இப்படிப் போகும். பின்னாலிருந்து கூப்பிடாமல் எதிரே போய், உயரம் சமமாக நின்று, 'அம்மா' என்று கூப்பிட்டு அவர் பார்க்கும் வரை ஒரு நொடி நிற்பது. 'கிளம்பிட்டியாம்மா? அங்க யாரெல்லாம் இருக்காங்க?' என்று கேட்பது. அவர் இரண்டு வார்த்தை பேசியதும் குரல் தணியும். 'வெயில் தாழட்டும், ஒரு வாய் ஏதாச்சும் சாப்ட்டுட்டுப் போலாம்' என்று உள்ளே அழைப்பது. அது பலிக்காவிட்டால் செருப்பைப் போட்டுக்கொண்டு கூடவே தெருமுனை வரை நடந்து திரும்புவது. திரும்பும்போது பெரும்பாலும் அவர் 'வீட்டுக்கு' வந்துவிடுவார். இதற்கிடையில் சிறுநீர் கழித்து எவ்வளவு நேரமாயிற்று, மலச்சிக்கல் இருக்கிறதா, முழங்கால் வலிக்கிறதா என்று பார்த்துக்கொள்வது. நாளையிலிருந்து ஐந்து மணிக்கே எல்லா விளக்குகளையும் போடுவது, மதியத்துக்குப் பிறகு காபியை நிறுத்துவது.

குறிப்பு நோட்டு இந்த இடத்தில்தான் தன் மதிப்பைக் காட்டும். நான்கு கட்டம் போதும்: மணி, நடந்தது, அதற்கு முன் நடந்தது, நாம் செய்ததும் பலனும். ஒரு வாரம் எழுதினால் ஏதாவது ஒன்று கண்ணில் படும். உதாரணமாக, பகலில் பார்த்துக்கொள்ளும் பெண் ஐந்தரைக்குத் தன் பையை மாட்டிக்கொண்டு 'போயிட்டு வரேம்மா' என்று சொல்லும் நாட்களில்தான் அம்மாவும் பையைத் தேடுகிறார் என்பது தெரியவரலாம். ஒருவர் கிளம்பினால் தானும் கிளம்ப வேண்டும் என்று அவருக்குத் தோன்றுகிறது. அந்தப் பெண்ணின் பையை வாசல் திண்ணையிலேயே வைத்துவிட்டு, அம்மா உள்ளே டிபன் சாப்பிடும்போது அவர் சொல்லாமல் புறப்பட்டால் போதும். இப்படிப்பட்ட விடை எந்த வகுப்பிலும் இருக்காது, நோட்டில்தான் இருக்கும். ஆனால் நோட்டு எழுதும் பழக்கத்தை வகுப்புதான் தரும்.

எவ்வளவு சாமர்த்தியமாகக் கையாண்டாலும் ஒருநாள் கதவு திறந்திருக்கும் வேளை வரும். சட்டைப்பையிலோ ரவிக்கையிலோ பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய அட்டை, கைபேசியில் இந்த மாதம் எடுத்த முழு உருவப் படம், கண் படாத உயரத்தில் தாழ்ப்பாள் ஆகிய மூன்றையும் முதல் வாரத்திலேயே செய்துவிட வேண்டும். நோயாளியைத் தனியாக வீட்டில் வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போவது மட்டும் கூடவே கூடாது. தீ பிடித்தால் வெளியே வர வழி இருக்காது.

அல்சைமர் இல்லாத டிமென்ஷியா என்றால்

மேலே சொன்னவை பெரும்பாலும் அல்சைமரை மனதில் வைத்தவை. ஐம்பது வயதுக்காரர் மறதியே இல்லாமல் குணம் மட்டும் மாறிப்போனாலோ, கண் நன்றாக இருந்தும் பார்ப்பதை அடையாளம் காணத் தடுமாறினாலோ, இல்லாத ஆட்களைப் பார்த்துக்கொண்டு நடை தளர்ந்து போனாலோ வேறு பாடம் வேண்டும். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ், ஃபியூச்சர்லேர்ன் என்ற இணைய வகுப்புத் தளத்துக்காகத் தயாரித்த 'தி மெனி ஃபேசஸ் ஆஃப் டிமென்ஷியா' நான்கு வார வகுப்பு. குடும்ப வழி அல்சைமர், நடத்தை மாறும் ஃப்ரண்டோடெம்போரல் வகை, இல்லாததைக் காட்டி நடையையும் தளர்த்தும் லூயி பாடி வகை, மூளையின் பின்பகுதி தேயும் வகை என்று வாரத்துக்கு ஒன்றாக எடுத்துக்கொள்கிறது. அந்தத் தளத்தில் இலவசமாகப் பார்க்கக் கால வரம்பு உண்டு, சான்றிதழுக்குப் பணம் கேட்பார்கள்.

லூயி பாடி வகை என்று தெரிந்தால் குடும்பத்தார் ஒரு விஷயத்தை மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். பரபரப்பை அடக்கத் தரும் ஹாலோபெரிடால் போன்ற மனநல மருந்துகள் இவர்களுக்குக் கடுமையான விறைப்பையும் மயக்க நிலையையும் உண்டாக்கி, உயிருக்கே ஆபத்தாகலாம். இரவில் அவசரப் பிரிவுக்குப் போனால் அங்கிருக்கும் டாக்டருக்கு நோயின் வகை தெரியாது. மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில் இதைப் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும்.

கோர்ஸெரா என்ற இணைய வகுப்புத் தளத்தில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் 'லிவிங் வித் டிமென்ஷியா' நல்ல வகுப்பு. ஆனால் அதன் தொனி செவிலியர், சமூகப் பணியாளர் பக்கம் சாய்ந்தது. வீட்டில் பார்த்துக்கொள்பவர் இதைக் கடைசியில் எடுத்தால் போதும். ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடலாம்: இந்த இணையச் சான்றிதழ்கள் எதுவும் முதியோர் பராமரிப்பு வேலைக்கான தகுதிச் சான்று ஆகாது.

உங்கள் மூளைக்காக என்றால்

'அம்மாவுக்கு வந்தது எனக்கும் வருமா' என்று நாற்பது ஐம்பது வயதில் கேட்பவருக்கு விக்கிங் மையத்தின் இன்னொரு வகுப்பு இருக்கிறது. 'பிரிவென்டிங் டிமென்ஷியா' என்ற இது 2016இல் தொடங்கியது, நான்கு பகுதிகள், இதுவும் இலவசம். முதல் வகுப்பைவிடச் சிறியது, இலகுவானது.

இதோடு தெரிந்துகொள்ள வேண்டியது லான்செட் என்ற மருத்துவ இதழின் ஆய்வுக்குழு அறிக்கை. டிமென்ஷியா வரும் வாய்ப்பைக் கூட்டும், ஆனால் நாம் மாற்றக்கூடிய காரணிகள் 2017இல் 9, 2020இல் 12, 2024இல் 14 என்று பட்டியல் வளர்ந்திருக்கிறது. கடைசியாகச் சேர்ந்தவை கெட்ட கொழுப்பும் சரிசெய்யாத பார்வைக் குறைவும். பதினான்கையும் முற்றிலும் நீக்கினால் உலகில் 45 சதவீத டிமென்ஷியாவைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்கிறது கணக்கு. இதைப் படித்துவிட்டு 'எனக்கு வரும் வாய்ப்பு பாதியாகக் குறையும்' என்று எடுத்துக்கொள்வது தவறு. மக்கள்தொகை முழுவதற்குமான கணக்கு அது, தனி ஆளின் ஜாதகம் அல்ல. மாலை தவறாமல் நடந்தவருக்கும் டிமென்ஷியா வரும். வந்துவிட்டால் அது அவர் குற்றம் ஆகாது.

நம்மூர் வாழ்க்கைக்கு இந்தப் பட்டியலில் சில மிக நெருக்கமானவை. தலைக்காயம் ஒரு காரணி, அதாவது ஹெல்மெட் மூளைநலச் சாதனம். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் தெரிந்தவை. தெரிந்தும் பலர் கண்டுகொள்ளாமல் விடுவது காது. கெட்ட கொழுப்புக்கும் காது கேளாமைக்கும்தான் அந்தப் பட்டியலில் மிக அதிகப் பங்கு, தலா 7 சதவீதம். 2023இல் வெளியான அச்சீவ் என்ற அமெரிக்க ஆய்வில், காது கேட்கும் கருவி கொடுத்ததால் சோதனையில் பங்கேற்ற எல்லோருக்கும் சேர்த்துப் பார்த்தபோது பலன் தெரியவில்லை. ஆனால் ஏற்கனவே ஆபத்து அதிகமாக இருந்த முதியவர்களிடம் மூன்று ஆண்டில் அறிவாற்றல் சரிவு 48 சதவீதம் குறைந்திருந்தது. டிவியின் ஒலி வருடா வருடம் கூடிக்கொண்டே போகும் வீட்டில், வகுப்பில் சேருவதற்கு முன்னால் காது பரிசோதனைக்கு நாள் குறிக்கலாம்.

மூளைப் பயிற்சிச் செயலிகளுக்கு மாதக் கட்டணம் கட்டுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. லுமோசிட்டி என்ற பிரபல செயலி, வயதால் வரும் மறதியைத் தள்ளிப்போடும் என்ற தோரணையில் விளம்பரம் செய்ததற்காக, 2016இல் அமெரிக்க வணிக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. விளையாட்டில் ஒருவர் கெட்டிக்காரராவது உண்மை. அந்தக் கெட்டிக்காரத்தனம் கணக்கு வழக்கு பார்க்கவும் வழி கண்டுபிடிக்கவும் உதவுமா என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

மொழி என்ற சுவர்

மேலே சொன்ன வகுப்புகளை ஆங்கிலத்தில் எடுத்தால், வீட்டில் பெரும் சுமையைத் தாங்கும் மருமகளுக்கோ மனைவிக்கோ அது எட்டாமல் போகலாம். யூடியூபில் வீடியோவின் அமைப்புகளில் வசன வரிகளைத் தானாக மொழிபெயர்க்கும் வசதியில் தமிழைத் தேர்ந்தெடுக்கலாம். கையேட்டுப் பக்கத்தைக் கூகுள் லென்ஸில் காட்டினால் தமிழில் வரும். ஆனால் இயந்திரத் தமிழை அப்படியே நம்பக் கூடாது. நோயாளியின் பரபரப்பைக் குறிக்கும் சொல் 'கிளர்ச்சி' என்றும், மாலைப் பொழுதுத் தடுமாற்றம் 'சூரிய அஸ்தமனம்' என்றும் வந்து குழப்பலாம். மருந்தின் பெயரும் அளவும் வரும் இடத்தை மூலத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இதைவிட நல்ல ஏற்பாடு, குடும்பத்தில் ஆங்கிலம் படிக்கும் ஒருவர் வாரம் இரண்டு பாடத்தைப் படித்து, ஐந்து நிமிடக் குரல் பதிவாகத் தமிழில் சொல்லி அனுப்புவது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை 'நான் என்ன செய்யட்டும்' என்று கேட்டால் கொடுக்கக்கூடிய வேலை இது. பணம் அனுப்புவதற்குச் சமமான உதவி.

பேசிக் கேட்க வேண்டுமென்றால் சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு அமைப்பின் டெம்கேர்ஸ் என்ற டிமென்ஷியா பிரிவு உண்டு. 1992இல் கேரளத்தில் தொடங்கிய ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. என்ற இந்திய அல்சைமர் சங்கத்துக்குச் சென்னைக் கிளை உண்டு. இலங்கையில் கொழும்பில் லங்கா அல்சைமர் அறக்கட்டளை இயங்குகிறது. இந்திய அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, தமிழிலும் பேசலாம், நள்ளிரவிலும் எடுப்பார்கள். முதியோர் உதவிக்கு 14567.

படித்தவர்கள் செய்யும் தவறு

வகுப்பு முடித்தவர்களிடம் புதிதாக வரும் ஓர் ஆபத்தைச் சொல்லியாக வேண்டும். எல்லா மாற்றத்தையும் நோய் முற்றுவதாகவே பார்க்கத் தொடங்குவார்கள். டிமென்ஷியா மாதக்கணக்கில் நகரும். நேற்று வரை தானே சாப்பிட்டவர் இன்று கண் திறக்காமல் கிடந்தாலோ, ஒரே நாளில் யாரையும் தெரியாமல் உளறினாலோ அது டிமென்ஷியாவின் அடுத்த படி என்று வீட்டில் உட்காரக் கூடாது. அதற்குப் பெயர் டெலிரியம். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, சோடியம் குறைவு, நீர்ச்சத்துக் குறைவு, மலக்கட்டு, புதிதாகச் சேர்த்த மாத்திரை ஆகியவற்றில் ஏதோ ஒன்று அடியில் இருக்கும். முதியவருக்குக் காய்ச்சல் கூட வராமல் இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனை. போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போக வேண்டும். சளிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய, குளோர்ஃபெனிரமின் கலந்த மாத்திரையும் அதில் இருக்க வேண்டும். அது போன்றவை ஏற்கனவே தடுமாறும் மூளையை இன்னும் குழப்பும்.

மாத்திரையைத் தானாகவே நிறுத்துவது இன்னொரு தவறு. தூக்கத்துக்கும் ஆத்திரத்துக்கும் தரும் சில மனநல மருந்துகள் டிமென்ஷியா உள்ள முதியவர்களிடம் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2005இல் எச்சரித்தது. வகுப்பில் இதைக் கேட்டுவிட்டு அன்று இரவே நிறுத்தினால் பரபரப்பு பல மடங்காகத் திரும்பலாம். நோட்டை எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டி, 'இதைக் குறைக்க முடியுமா, எத்தனை வாரத்தில்' என்று கேட்பதுதான் முறை.

வேலைக்கு வரும் பெண்ணுக்கு

பகல் முழுவதும் நோயாளியோடு இருப்பது பல வீடுகளில் சம்பளத்துக்கு வரும் ஒருவர். அவருக்கு மேலே சொன்ன எந்த வகுப்பும் பொருந்தாது. அதனால் சொல்லித்தரும் பொறுப்பு வகுப்பு படித்தவருடையது. உட்கார வைத்துப் பாடம் நடத்த வேண்டாம். காலையில் அவர் வந்ததும் பத்து நிமிடம், ஒரு நாளைக்கு ஒரே விஷயம். திங்களன்று கைபிடிக்கும் முறையைச் செய்து காட்டி, அவரையும் செய்யச் சொல்வது. மறுநாள் குளியல்: வெந்நீரையும் துண்டையும் மாற்று உடையையும் முன்பே எடுத்து வைப்பது, முதலில் பாதத்தில் நீர் ஊற்றி, தலைக்குக் கடைசியில் வருவது, உடம்பில் ஒரு துண்டைப் போர்த்தியபடியே குளிப்பாட்டுவது. அதற்கடுத்த நாள் ஊட்டும் முறை: நேராக உட்கார வைத்து, விழுங்கிவிட்டாரா என்று பார்த்த பின்பே அடுத்த கவளம், சாப்பிட்டதும் அரை மணி நேரம் படுக்கவிடாமல் இருப்பது.

இவற்றோடு, ஒரு பக்கத் தாளில் பெரிய எழுத்தில் எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டலாம். அம்மாவை எப்படிக் கூப்பிட வேண்டும், எந்தப் பாட்டு போட்டால் அமைதியாவார், எந்தப் பேச்சு எடுத்தால் அழுவார், எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, எது நடந்தால் உடனே யாருக்குப் போன் செய்ய வேண்டும். அந்தப் பெண் கண்டுபிடித்துச் சொல்வதையும் அதில் சேர்க்க வேண்டும். எட்டு மணி நேரம் கூட இருப்பவர் அவர்தான். மாதம் ஒருமுறை தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதுங்கள், போன மாதம் பலித்தது இந்த மாதம் பலிக்காமல் போயிருக்கும்.